வெளிநாட்டு நன்கொடையும் நம் ஊர்ச் சங்கமும்

ஓர் ஊரில் ஒரு சிறிய சங்கம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது பாலர் பள்ளி நடத்துகிறது. நகரத்தில் உள்ள பெரிய தொண்டு நிறுவனம் அதற்குப் பணம் கொடுத்து வந்தது. அது வெளிநாட்டில் இருப்பவர்கள் தந்த நன்கொடை.

இப்படி வரும் பணத்துக்கு 1976-இல் ஒரு சட்டம் வந்தது. 2010-இல் புதிய சட்டம் வந்தது. பணம் பெறும் நிறுவனம் மத்திய உள்துறை அமைச்சகத்தில் பதிவு செய்ய வேண்டும். ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும்.

2020-இல் சட்டம் மேலும் கடுமையானது.

1. பணம் முதலில் புது தில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கிக் கிளைக்கு வர வேண்டும்.

2. நிர்வாகச் செலவு 100 ரூபாய்க்கு 20 ரூபாயைத் தாண்டக் கூடாது. முன்பு 50 ரூபாய் வரை செலவிடலாம்.

3. ஒரு நிறுவனம் பெற்ற பணத்தை இன்னொரு நிறுவனத்துக்குக் கொடுக்கக் கூடாது.

பணம் கைமாறினால் கணக்குத் தெரியாது என்றது அரசு. சிறு சங்கங்கள் நின்றுபோகும் என்றன தொண்டு நிறுவனங்கள். 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

இனி நம் சங்கம் தானே பதிவு செய்ய வேண்டும். அதற்கு 3 ஆண்டுகளில் 15 லட்சம் ரூபாய்க்குப் பணி செய்திருக்க வேண்டும். சிறு சங்கத்துக்கு இது எட்டாத தொகை.

உள்நாட்டு நன்கொடைக்கு இந்தச் சட்டம் இல்லை. ஊராரே சிறு தொகை கொடுத்துப் பள்ளியைக் காக்கலாம். கொடுத்தால் ரசீது கேட்டு வாங்குவோம். வரவு செலவைக் கூட்டத்தில் கேட்போம். இப்போது நமக்குப் படிக்கத் தெரியும். கணக்கை நாமே படித்துப் பார்க்கலாம்.