வராத பிள்ளையின் வீட்டுக்கு யார் போவது?

ராமநாதபுரம் மாவட்டத்துக் காரங்காட்டுக்கு வெளியூர்க்காரர்கள் வருவது அலையாத்திக் காட்டைப் பார்க்க. தொண்டிக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து பிரிந்து உள்ளே போனால் செங்கோல் மாதா கோயில், அதைத் தாண்டினால் படகுத்துறை. வனத்துறை ஊர்மக்களைச் சேர்த்துக்கொண்டு நடத்தும் படகுச் சவாரி முடிந்து கரையேறினால், ஊர்ப் பெண்கள் சமைத்த மீனும் நண்டும். ஞாயிற்றுக்கிழமை வந்துபோகிறவர்களுக்கு ஊர் அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலைக் கரை வேறு. காரங்காடு என்றில்லை, பாக் நீரிணைக் கரையில் நண்டு வலை போடும் எந்த ஊருக்கும் இது பொருந்தும். நண்டு வலையை உதறிக் கொட்ட முடியாது. ஒவ்வொரு நண்டாக நூலைப் பிரித்து, காலும் கொடுக்கும் ஒடியாமல் கழற்ற வேண்டும். கால் ஒடிந்தால் விலை போச்சு. அதற்கு ஆள் நிறைய வேண்டும். விரல் சின்னதாக இருந்தால் இன்னும் நல்லது. வலை கரைக்கு வரும் நேரமும் பள்ளி மணி அடிக்கும் நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டது யார் குற்றமும் இல்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரம்தான் முதலில் தாமதமாகிறது, பிறகு அரைநாள் லீவாகிறது, பிறகு பெயரே பதிவேட்டிலிருந்து கழன்றுபோகிறது.

வகுப்பாசிரியர் வருகையைச் செயலியில் ஏற்றிவிடுகிறார். பையன் வரவில்லை என்பது காரங்காட்டுக்குத் தெரிவதற்கு முன்பே சென்னைக்குத் தெரிந்துவிடுகிறது. ஏன் வரவில்லை என்று கேட்டுக்கொண்டு வீட்டு வாசலுக்கு யார் போவது? ஆசிரியருக்கு அடுத்த பாடவேளை இருக்கிறது. போக வேண்டிய ஆளுக்கு ஒரு பெயர் உண்டு: பள்ளிச் சமூகப் பணியாளர்.

இது புதிய வேலை அல்ல. 1906-07 வாக்கிலேயே நியூயார்க், பாஸ்டன், ஹார்ட்ஃபோர்ட் நகரங்களில், குடியேறிகளின் பிள்ளைகள் ஏன் பள்ளிக்கு வருவதில்லை என்று வீடுவீடாகப் போய்ப் பார்க்கத் தனி ஆட்களை வைத்தார்கள். நம் ஊரில் சமூகப் பணிப் படிப்புக்கும் வயது குறைவில்லை. மேரி கிளப்வாலா ஜாதவ் சென்னையில் சமூகப் பணிக் கல்லூரியைத் தொடங்கியது 1952இல். படித்து வெளியே வந்தவர்கள் ஆலைகளின் மனிதவளத் துறைக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் போனார்கள். அரசு உயர்நிலைப் பள்ளியின் பணியிடப் பட்டியலில் மட்டும் அவர்களுக்கென்று ஒரு வரி ஏறவில்லை. இருப்பவர்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் இருக்கிறார்கள். மொத்த மாவட்டத்துக்கும் விரல்விட்டு எண்ணிவிடலாம். ராமநாதபுரம் எவ்வளவு நீளமான கரை என்று தெரிந்தவர்களுக்கு அதன் பொருள் புரியும்.

அந்த ஆள் இருந்தால் என்ன செய்வார்? ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் எட்டு நாளாக வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். பணியாளர் வீட்டுக்குப் போகிறார். ஊரில் அவரை யாரும் சமூகப் பணியாளர் என்று கூப்பிடப் போவதில்லை. பள்ளியிலிருந்து வருகிற பெண் யாரானாலும் டீச்சர்தான்.

“அவென் அப்பன்கூடத் தொழிலுக்குப் போறான் டீச்சர். படிப்பு ஏறலங்குறான். நான் என்ன செய்ய?”

“படிப்பு ஏறலையாக்கா, இல்ல ஏதும் கடன் இருக்கா?”

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கிறார். படகுக்காரரிடம் வாங்கிய முன்பணம் வெளியே வருகிறது. இந்த இரண்டாவது கேள்விக்காகத்தான் அந்த வேலையே இருக்கிறது. முதல் பதிலோடு திரும்பி வந்து ‘படிப்பில் ஆர்வமில்லை’ என்று எழுதிவைக்க ஒரு ஆள் தேவையில்லை.

காரணம் தெரிந்தபின் வேலை பல திசையில் ஓடும். அப்பா இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டுச் சிறையில் இருந்தால், குடும்பத்துக்கு அரசு தரும் தினசரி உதவிக்கு மீன்வளத் துறையில் காகிதம் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்பா இறந்து அம்மா தனியாக வளர்த்தால், ‘மிஷன் வாத்சல்யா’ திட்டத்தில் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு கேட்கலாம்; கிராமப்புறத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இருவரையும் இழந்தவர்களுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாதவர்களுக்கும் 2025 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘அன்புக் கரங்கள்’ திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய் உண்டு. இதெல்லாம் இருப்பதே பல வீடுகளுக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் ராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒருநாள் கூலியை விட்டுவிட்டுப் போய், ஒரு சான்றிதழ் குறைகிறது என்று திரும்பி வந்தவர்களாக இருப்பார்கள்.

சட்டத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம் 6 முதல் 14 வயது வரைக்கும்தான். எட்டாம் வகுப்பு வரை பிள்ளை பள்ளியில் இருப்பது அரசின் பொறுப்பு. ஒன்பதில் கால் வைக்கும்போது அந்தக் குடை மடங்கிவிடுகிறது. படகில் கயிறு இழுக்கத் தெம்பு வருகிற வயதும் அதேதான். பெண் பிள்ளை என்றால் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்குகிற வயதும் அதேதான். உயர்நிலைப் பள்ளிக்குத்தான் இந்தப் பணியாளர் முதலில் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்.

குடை மடங்கினாலும் கையில் வேறு சட்டங்கள் இருக்கின்றன. 2016இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி 14 வயதுக்குட்பட்டவரை வேலைக்கு வைக்கக் கூடாது. குடும்பத் தொழிலில் உதவலாம் என்று விலக்கு உண்டு; ஆனால் பள்ளி நேரம் போக அல்லது விடுமுறையில், அதுவும் ஆபத்தில்லாத வேலையாக இருந்தால்தான். வகுப்பு நடக்கும் நேரத்தில் கரையில் வலை கழற்றுவதை அந்த விலக்கு காப்பாற்றாது. 14 முதல் 18 வரை உள்ளவர்களை ஆபத்தான தொழில்களில் சேர்க்கத் தடை. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 ஆகுமுன் திருமணம் செய்துவைத்தால் 2 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். முன்நின்று நடத்துகிறவர்களும் மாட்டுவார்கள். தடுக்க வேண்டிய அதிகாரி மாவட்டச் சமூக நல அலுவலர். பந்தக்கால் நட்டபிறகு அல்ல, பேச்சு அடிபடும்போதே குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொன்னால் குடும்பத்துக்கும் அவமானம் குறைவு. இன்னொரு கணக்கையும் வீட்டில் போட்டுக் காட்டலாம்: ‘புதுமைப் பெண்’ திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய், அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துக் கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்கு. ஒன்பதில் நிறுத்தினால் அதுவும் நின்றது. பையன்களுக்கு ‘தமிழ்ப் புதல்வன்’ அதே கதை.

கரையோர ஊர்களில் ஊர்க் கட்டுப்பாடு வலுவானது. ஊர்த் தலைவர் சொன்னால் படகு நிற்கும், பங்குத்தந்தை சொன்னால் சண்டை நிற்கும். இடைநின்ற பிள்ளையைத் திரும்பக் கூட்டிவர இவர்களை விட்டால் வேறு ஆளில்லை. நல்ல பணியாளர் முதல் வாரமே இவர்கள் வீட்டில் தேநீர் குடித்திருப்பார். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் ஊர்ப் பஞ்சாயத்து வாசலை மிதிக்கவே கூடாது. அது பிள்ளை மீதான பாலியல் அத்துமீறல்.

2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தில் சமரசம் என்ற பேச்சுக்கே இடமில்லை. குற்றம் நடந்ததாகத் தெரிந்த எவரும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். ‘பள்ளியின் பெயர் கெட்டுவிடும்’ என்று மூடி மறைத்தால் 6 மாதம் வரை சிறை. நிறுவனத்துக்குப் பொறுப்பானவர் தனக்குக் கீழே பணிபுரிகிறவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மீது வழக்கு வராது. பிள்ளையிடம் வாக்குமூலம் வாங்க வீட்டுக்கோ பிள்ளை விரும்பும் இடத்துக்கோ காவலர் வர வேண்டும்; சீருடையில் வரக் கூடாது; இயன்றவரை பெண் அதிகாரியாக இருக்க வேண்டும். எந்தப் பிள்ளையையும் இரவில் காவல் நிலையத்தில் வைக்கக் கூடாது. பெண் பிள்ளையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். வழக்கு முடியும்வரை கூடவே நிற்க ஓர் ஆதரவாளரைக் குழந்தைகள் நலக் குழு நியமிக்க வேண்டும். நியமிக்காவிட்டால் குடும்பம் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

பணியாளருக்கு இதில் கத்திமேல் நடக்கும் வேலை. ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுக்க முடியாது. ‘உன் பாதுகாப்புக்காகச் சொல்ல வேண்டியவரிடம் மட்டும் சொல்வேன், உனக்குத் தெரிந்துதான் சொல்வேன்’ என்பது வரை சொல்லலாம். நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கக் கூடாது. பிள்ளை சொன்ன வார்த்தையை அப்படியே, தேதி போட்டு, ஒருமுறை எழுதிக்கொண்டால் போதும். துருவுவது காவல்துறையின் வேலை. ஆசிரியர் அறையில் அது பேச்சாகிவிட்டால் அந்தப் பிள்ளை மறுநாள் வராது. அதற்குப் பிறகு வேறு எந்தப் பிள்ளையும் வந்து சொல்லாது.

சரி, இந்த ஆள் நம் பள்ளிக்கு எப்படி வருவார்? 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம், விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சியில் இருந்த 17 வயது மாணவி இறந்த வழக்கில், நாடு முழுவதற்கும் வழிகாட்டுதல்கள் தந்தது. 100 அல்லது அதற்கு மேல் மாணவர் உள்ள கல்வி நிறுவனம் ஒவ்வொன்றும், பயிற்சி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது அமர்த்த வேண்டும். அதைவிடச் சிறிய பள்ளிகள் வெளியே உள்ள மனநல நிபுணர்களோடு முறையான தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டும். சட்டம் வரும்வரை இதுவே கட்டுப்படுத்தும் என்றது நீதிமன்றம். அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என்ற பேதம் அதில் இல்லை.

ஆகவே கேட்பதற்குக் கையில் காகிதம் இருக்கிறது. கேட்க வேண்டிய இடம் பள்ளி மேலாண்மைக் குழு. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், குறைந்தது பாதிப் பேர் பெண்கள். கூட்டத்தில் வாய்மொழியாகக் கேட்டால் ‘பார்க்கலாம்’ என்று பதில் வரும். தீர்மானமாக எழுதச் சொல்ல வேண்டும்: எங்கள் பள்ளியில் இத்தனை மாணவர், உச்ச நீதிமன்ற வழிகாட்டுதல்படி ஆலோசகரோ சமூகப் பணியாளரோ வேண்டும், மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலருக்கு அனுப்புகிறோம் என்று. கையெழுத்தோடு நகல் ஒன்று உங்கள் வீட்டில் இருக்கட்டும்.

அதுவரைக்கும் எண்கள் உண்டு. பிள்ளை ஆபத்தில் என்றால் 1098. படிப்பு, பள்ளி பற்றிய புகாருக்கு 14417. மனம் தளர்ந்த பிள்ளைக்கும், பிள்ளையை நினைத்துத் தளர்ந்த அம்மாவுக்கும் 14416. கடைசி இரண்டையும் மாற்றி அழுத்தாமல் இருக்கச் சுவரில் எழுதிவைப்பது நல்லது. ஒரே ஓர் இலக்க வித்தியாசத்தில் இப்படி வைத்தவர் யாரோ.

எப்போது கண்காணிப்பது என்று கேட்டால் ஒரு தேதி சொல்வேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். பள்ளி ஜூன் முதல் இரண்டு வாரத்துக்குள் திறந்துவிடுகிறது. புதுப் புத்தக வாசனையோடு பையன்கள் எல்லாரும் வகுப்பில் இருப்பார்கள். தடை முடிந்து படகுகள் ஐஸ் ஏற்றிக் கிளம்பும்போது படகுக்கு ஆள் தேடுவார்கள். ஜூன் மூன்றாவது வாரம் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பதிவேட்டைப் பள்ளி மேலாண்மைக் குழு அம்மாக்கள் இரண்டு பேர் கேட்டு வாங்கிப் பார்க்கட்டும். எந்தெந்த வீட்டுக்கு அன்று சாயந்திரமே போக வேண்டும் என்பது அதில் இருக்கும்.