சுழல்தசைப்பட்டை அறுவை மருத்துவத்துக்குப் பின்னான மீட்சி

சுழல்தசைப்பட்டை அறுவை மருத்துவத்துக்குப் பின்னான மீட்சி என்பது, தோள்மூட்டைச் சுற்றியுள்ள தசைநாண் கிழிந்து, அது மீண்டும் எலும்புடன் பொருத்தப்பட்ட பின்னர், கை பழைய இயக்கத்தையும் வலிமையையும் பெறும் காலப்பகுதியைக் குறிக்கும். இது பொதுவாக நான்கு முதல் ஆறு மாதங்கள் வரை நீடிக்கும். பெரிய கிழிசல்களில் ஓராண்டு வரையும் ஆகலாம். இக்கிழிசல் நடுவயதைக் கடந்தவர்களிடையே மிகுதி. எனவே நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய் போன்றவை இவர்களில் பலருக்கு ஏற்கெனவே இருக்கும். அந்நோய்கள் மீட்சியின் வேகத்தையும் பாதுகாப்பையும் பெரிதும் பாதிக்கின்றன.

உடற்கூறு

தோள்பட்டை எலும்பில் தொடங்கி மேற்கை எலும்பின் தலைப்பகுதியில் முடியும் நான்கு தசைகளின் தொகுதியே சுழல்தசைப்பட்டை எனப்படுகிறது. அவை:

* சுப்ராஸ்பைனேட்டசு: கையைப் பக்கவாட்டில் உயர்த்தத் தொடங்குவது
* இன்ஃப்ராஸ்பைனேட்டசு: கையை வெளிப்புறமாகச் சுழற்றுவது
* டெரெசு மைனர்: வெளிச்சுழற்சிக்குத் துணைபுரிவது
* சப்ஸ்காப்புலாரிசு: கையை உட்புறமாகச் சுழற்றுவது

தோள்மூட்டின் குழி ஆழமற்றது. அதனால் எலும்பின் தலையைக் குழியின் நடுவில் நிறுத்திவைப்பதும் இத்தசைகளின் பணியாகும். நான்கனுள் சுப்ராஸ்பைனேட்டசின் தசைநாணே மிகுதியாகக் கிழிகிறது. விழுதல், பளுவைத் திடீரெனத் தூக்குதல், தலைக்கு மேல் கையை உயர்த்திப் பல்லாண்டுகள் வேலை செய்தல், வயதால் ஏற்படும் தேய்வு ஆகியவை முக்கிய காரணங்களாகும்.

வரலாறு

அமெரிக்காவின் பாசுட்டன் நகர அறுவை மருத்துவர் எர்னசுட்டு அமோரி காட்மன் (1869–1940) 1909 இல் இத்தசைநாண் கிழிசலைத் தைத்துச் சரிசெய்து, 1911 இல் அதனை வெளியிட்டார். தோள்மூட்டைப் பற்றிய அவரது நூல் 1934 இல் வெளிவந்தது. உறைந்த தோள் என்னும் பெயரை வழங்கியவரும் அவரே. முன்னால் குனிந்து கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு ஊசல்போல் ஆட்டும் பயிற்சி இன்றும் அவர் பெயரால் அறியப்படுகிறது. தொடக்கத்தில் திறந்த முறையில் செய்யப்பட்ட இவ்வறுவை, பின்னர் சிறு துளைகள் வழியே மூட்டு உள்நோக்கியைச் செலுத்திச் செய்யும் முறைக்குப் பெரிதும் மாறியது.

மீட்சியின் கட்டங்கள்

அறுவையின்போது தசைநாண் நூலாலும் எலும்பில் பதிக்கப்படும் சிறு முளைகளாலும் இழுத்துக் கட்டப்படுகிறது. இக்கட்டு தற்காலிகமானதே. தசைநாணும் எலும்பும் தாமாக இணைவதே உண்மையான குணமாகும்; அதற்கு மாதங்கள் பிடிக்கும். வலி குறைந்தமையால் தசைநாண் ஒட்டிவிட்டது என்று கருதுவது பிழையாகும். மீண்டும் கிழிதல் பெரும்பாலும் முதல் ஆறு மாதங்களுக்குள்ளேயே நிகழ்கிறது.

* முதல் ஆறு வாரங்கள்: கை கழுத்துத் தொங்குபட்டையில் இருக்கும். விரல், மணிக்கட்டு, முழங்கை ஆகியவற்றை அசைக்கலாம். தோளைப் பிறர் உதவியாலோ மற்றக் கையாலோ மட்டுமே அசைக்கலாம்.
* ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள்: பளுவின்றிக் கையைத் தானாக உயர்த்தப் பழகுதல்.
* பன்னிரண்டு வாரங்களுக்குப் பின்: நெகிழ்பட்டை, சிறு எடை ஆகியவற்றால் வலிமை கூட்டுதல்.

கிழிசலின் அளவையும் தசைநாணின் தரத்தையும் பொறுத்து இக்கால அளவுகள் மாறும்.

பிற நோய்களுடன் மீட்சி

நீரிழிவு

இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால் புண் ஆறுவதும் தசைநாண் எலும்புடன் ஒட்டுவதும் தாமதமாகும். தொற்று ஏற்படும் வாய்ப்பும் கூடும். நீரிழிவு உள்ளவர்களுக்கு மூட்டுறை இறுகி உறைந்த தோள் உண்டாவதும் மிகுதி. கையை நெடுநாள் அசையாமல் வைத்தால் தோள் இறுகும். முன்கூட்டியே அசைத்தால் தையல் அறும். இவ்விரண்டுக்கும் இடையே வழி காண்பதே நீரிழிவாளரின் மீட்சியில் முதன்மையான சிக்கலாகும்.

மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு மிகுந்திருப்பின், அவசரமற்ற அறுவையை மருத்துவர்கள் தள்ளிவைப்பதுண்டு. எனினும் விபத்தால் ஏற்பட்ட கிழிசலை நெடுநாள் விட்டுவைத்தால் தசை சுருங்கிக் கொழுப்பாக மாறுகிறது. அதன் பின்னர் தைத்தாலும் பயன் குறைவு. ஆகவே சர்க்கரையைக் கட்டுப்படுத்தக் காத்திருக்கும் காலத்துக்கும் ஓர் எல்லை உண்டு.

டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளை அறுவைக்குச் சில நாட்கள் முன்பே மருத்துவர் நிறுத்தச் சொல்வர். பட்டினி கிடக்கும்போது இவற்றால் இரத்தம் அமிலத்தன்மை அடையும் ஆபத்து உண்டு. தோளில் செலுத்தப்படும் இசுடீராய்டு ஊசியும் சில நாட்களுக்குச் சர்க்கரையை உயர்த்தும்.

இதய நோயும் உயர் இரத்த அழுத்தமும்

இவ்வறுவை பல இடங்களில் நோயாளியைச் சாய்வாக அமர்த்திச் செய்யப்படுகிறது. அந்நிலையில் இரத்த அழுத்தம் தாழ்ந்தால் மூளைக்குச் செல்லும் இரத்தம் குறையும். எனவே அன்று காலை எந்த மாத்திரையை உட்கொள்வது, எதனை விடுவது என்பதை மயக்கமருந்து மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளை, குறிப்பாக இதயக் குழாயில் வலைக்குழாய் பொருத்தப்பட்டவர்கள், தாமாக நிறுத்துவது உயிருக்கு ஆபத்தாகும்.

இடது தோளில் அறுவை செய்துகொண்டவருக்கு நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவற்றுடன் இடக்கையில் வலி தோன்றினால், அதனை அறுவையின் வலி என்று விட்டுவிடலாகாது. மாரடைப்புக்கும் இவையே அறிகுறிகளாகும்.

சிறுநீரக நோய்

டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலிநீக்கிகள் சிறுநீரகத்தைப் பாதிக்கும். இரத்த அழுத்தத்தையும் உயர்த்தும். மருந்துக் கடையில் தாமாக வாங்கிப் பல வாரங்கள் உண்பது சிறுநீரக நோயாளிகளுக்குப் பெருந்தீங்காகும். இவர்களுக்குப் பொதுவாகப் பாரசிட்டமாலும் பனிக்கட்டி ஒத்தடமும் முதலில் பரிந்துரைக்கப்படுகின்றன.

நுரையீரல் நோய்

கழுத்தின் பக்கத்தில் கொடுக்கப்படும் நரம்பு மரப்பூசி, உதரவிதானத்தை இயக்கும் நரம்பையும் சில மணி நேரம் செயலிழக்கச் செய்யக்கூடும். நலமுள்ளவர் இதனை உணராமலே இருக்கலாம். நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவருக்கு மூச்சுத்திணறல் ஏற்படலாம். புகைபிடித்தல் தசைநாணின் இணைவையும் தடுக்கிறது.

எலும்புத்தேய்வும் மூட்டு நோய்களும்

எலும்பு நலிந்திருந்தால் பதித்த முளைகள் பெயர வாய்ப்புண்டு. முடக்கு வாதத்துக்கான சில மருந்துகள் நோயெதிர்ப்பைக் குறைப்பதால், அவற்றின் வேளைகளை மாற்ற நேரிடும். முழங்கால் தேய்ந்து ஊன்றுகோலுடன் நடப்பவரின் நிலை மேலும் கடினமானது. அறுவை செய்த கையால் கோலை ஊன்ற முடியாது. ஒரு கை கட்டப்பட்டிருப்பதால் விழும் வாய்ப்பும் கூடுகிறது.

தமிழ்நாட்டுச் சூழல்

தென்காசி மாவட்டத்தின் (2019 நவம்பர் 22 வரை திருநெல்வேலி மாவட்டத்தின்) நகராட்சியான புளியங்குடி, எலுமிச்சைச் சந்தைக்குப் பெயர்பெற்ற ஊராகும். கையை உயர்த்திக் காய் பறித்தல், மூட்டை தூக்குதல் போன்ற வேலைகள் தோளுக்குச் சுமை தருவன. இத்தகைய தொழிலாளி ஒருவருக்கு ஆறு மாத ஓய்வு என்பது ஆறு மாத வருமான இழப்பாகும். வலி தணிந்ததும் வேலைக்குத் திரும்புவதற்கும், அதனால் தையல் அறுவதற்கும் இதுவே முக்கிய காரணமாக அமையலாம்.

வீட்டுப் பழக்கங்களும் கவனத்துக்குரியவை. பாயில் படுத்து எழுபவர் கையைத் தரையில் ஊன்றியே எழுவர். இது புதிய தையலின் மீது உடலின் எடையையே ஏற்றுவதாகும். எனவே முதல் வாரங்களில் கட்டிலிலோ சாய்வு நாற்காலியிலோ உறங்குவது நன்று. குடம் தூக்குதல், துணி பிழிதல், இருசக்கர வண்டி ஓட்டுதல் ஆகியவற்றையும் தவிர்க்க வேண்டும். இன்சுலின் ஊசி போடவும் சர்க்கரை சோதிக்கவும் ஒரு கை போதாமையால், வீட்டார் ஒருவர் அறுவைக்கு முன்பே இவற்றைக் கற்றிருத்தல் வேண்டும். அக்குளை உலர்வாக வைத்திருப்பதும் நீரிழிவாளருக்கு இன்றியமையாதது.

2021 ஆகத்து 5 இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ், நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகள் வீட்டுக்கே கொண்டுசென்று வழங்கப்படுகின்றன; இயன்முறை மருத்துவமும் வீட்டிலேயே அளிக்கப்படுகிறது. கை கட்டுண்ட நிலையில் பேருந்தில் செல்ல இயலாதவர்களுக்கு இது பயன்படும். உயர் சிகிச்சை தேவைப்படுவோருக்குத் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது.

அறுவையின்றி வாழ்தல்

எல்லாக் கிழிசல்களுக்கும் அறுவை தேவையில்லை. பின்லாந்தில் 55 வயதைக் கடந்தவர்களிடையே, விபத்தால் அல்லாத சிறு கிழிசல்கள் ஆராயப்பட்டன. இயன்முறை மருத்துவம் மட்டும் பெற்றவர்களும் அறுவை செய்துகொண்டவர்களும் ஈராண்டு முடிவில் ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தனர் என அதன் 2015 அறிக்கை கூறுகிறது. பிற நோய்கள் கட்டுக்கடங்காதவர்களுக்கு இது கருதத்தக்க மாற்று வழியாகும். எனினும் விழுந்தவுடன் கையை உயர்த்த இயலாமற் போனவர் காலம் தாழ்த்தாமல் எலும்பு மூட்டு மருத்துவரைக் காண வேண்டும்.

உடனடியாக மருத்துவரை அணுக வேண்டிய அறிகுறிகள்

* காய்ச்சல், தையலில் சீழ் அல்லது பரவும் சிவப்பு
* கெண்டைக்காலில் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத்திணறல்
* நெஞ்சுவலி
* விரல்கள் குளிர்தல், நீங்காத மரப்பு
* விழுந்தபின் அல்லது ஏதேனும் ஓசை கேட்டபின் கை திடீரென வலுவிழத்தல்
* கட்டுப்படாத சர்க்கரை, தொடர் வாந்தி