தோல் டிரம்மிலும் மருந்துக் கடையிலும் ஒரே நொதி

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தொழிற்சாலைகளில் சுண்ணாம்பில் ஊறி முடி நீங்கிய தோல், குரோம் ஏறுவதற்கு முன் ‘பேட்டிங்’ என்ற கட்டத்தைத் தாண்ட வேண்டும். டிரம்மில் வெதுவெதுப்பான தண்ணீருடன் நொதிப்பொடி சேர்த்துச் சுற்றவிட்டால் வேண்டாத புரதம் கரைந்து தோலின் விரைப்பு போகும். ஒரு காலத்தில் நாய்க் கழிவும் புறா எச்சமும் செய்த வேலை இது. 1907 வாக்கில் ஜெர்மானிய வேதியியலாளர் ஓட்டோ ரோம், அவற்றுக்குப் பதிலாகக் கால்நடைக் கணையத்தின் நொதிகளைக் கொண்டுவந்தார்.

அதே கணைய நொதிதான் மருந்துத் தரத்துக்குச் சுத்திகரிக்கப்பட்டு, பான்கிரியாட்டின் கேப்சூலாக மருந்துக் கடையில் கிடைக்கிறது.

நாள்பட்ட கணைய அழற்சியால் நொதி போதாமல் போனவர்களுக்கு இது இன்றியமையாதது. தென்னிந்தியாவில் மதுவைத் தொடாத இளைஞர்களுக்கும் இந்நோய் வருகிறது: கணையத்தில் கல், ஓயாத வயிற்று வலி, எண்ணெய் மிதக்கும் மலம், பின்னர் சர்க்கரை நோய். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். பெரியவர்களுக்கு ஒரு முழுச் சாப்பாட்டுக்குப் பொதுவாக 40,000 முதல் 50,000 யூனிட் லைப்பேஸ் (கொழுப்பைச் செரிக்கும் நொதி) தேவைப்படும். கேப்சூலைச் சோற்றோடு விழுங்க வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் பயனில்லை. உள்ளிருக்கும் மணிகளை மெல்லவும் கூடாது. அமிலத்திலிருந்து காக்கும் பூச்சு உடைந்தால் லைப்பேஸ் வீணாகும், வாயும் புண்ணாகும்.

பிரியாணிக்குப் பிறகு வயிறு கனக்கிறது என்று செரிமான சிரப் குடிப்பவர்களின் கதை வேறு. அவற்றில் பெரும்பாலும் இருப்பவை பெப்சினும், பூஞ்சையிலிருந்து எடுத்த டயாஸ்டேஸும். நொதி சுரக்கும் திறனில் சுமார் 90 சதவீதத்தை இழந்த பிறகே கொழுப்பு செரியாமல் வெளியேறும் அளவுக்கு நம் கணையத்தில் கையிருப்பு உண்டு. நலமாக உள்ளவருக்குக் கூடுதல் நொதி எதற்கு? உடல் மெலிவதையும் மலம் கறுப்பதையும் சிரப்பால் சமாளித்து நாள் கடத்துவது ஆபத்து. உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அளவு மீறினாலும் தீங்குதான். 1994-இல் பிரிட்டனில், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோய்க்காக அதிக வீரியமுள்ள கேப்சூல்களை எடுத்த சில குழந்தைகளுக்குப் பெருங்குடல் சுருங்கியது. அதன் பிறகே உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 10,000 யூனிட் லைப்பேஸ் என்ற உச்சவரம்பு வந்தது. நொதித் தூளை மூச்சில் இழுத்தால் ஆஸ்துமா வரலாம். கேப்சூலைப் பிரித்துக் குழந்தைக்குக் கொடுக்கும் தாயும், டிரம்மில் பொடி கொட்டும் தொழிலாளியும் இதை அறிந்திருக்க வேண்டும். தொழிலாளிக்கு முகக்கவசம் கட்டாயம் தர வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. இந்தக் கேப்சூல்களில் பெரும்பாலானவை பன்றிக் கணையத்திலிருந்து தயாராகின்றன. இஸ்லாமியர்கள் நிறைந்த ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும், சைவ உணவுக்காரர்களிடமும், மருந்துச் சீட்டு எழுதும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும். பின்னர் தெரியவந்து நோயாளி தானாகவே மருந்தை நிறுத்தினால் உடல் மெலியும். ஏ, டி போன்ற கொழுப்பில் கரையும் வைட்டமின்களும் குறைந்துபோகும்.