பதினெட்டு மணி நேரம் தரையிறங்காத விமானம்

பதினெட்டு மணி நேரம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்க உங்களால் முடியுமா? சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்துக்கு நேராகப் போகிறவர்கள் அப்படித்தான் போகிறார்கள். தூரம் 15,000 கிலோமீட்டருக்கும் மேல். நடுவில் எங்கும் இறங்குவதில்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2020-இல் தொடங்கிய தடம் இது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. இந்த விமானத்தில் எகானமி வகுப்பே கிடையாது! பணக்காரர்களுக்கு மட்டும் என்று வைத்தார்களோ என்று தோன்றும். அதுவும் கொஞ்சம் உண்மைதான், டிக்கெட் விலை அப்படி. ஆனால் முக்கியக் காரணம் எடை. அவ்வளவு தூரம் பறக்க ஏராளமான எரிபொருள் வேண்டும். அந்த எரிபொருளைச் சுமக்கவே இன்னும் எரிபொருள் செலவாகும். வண்டிமாட்டின் தீவனமே வண்டிக்குப் பாரமான கதைதான்! அதனால் ஆட்களைக் குறைத்துவிட்டார்கள். இதே ரக விமானம் மற்ற நீண்ட தடங்களில் 250 பேரை ஏற்றிச் செல்லும். இதில் ஏறுவது சுமார் 160 பேர்தான். முன்பக்கச் சரக்கு அறையைக்கூடப் பயன்படுத்துவதில்லை.

இன்னொரு வேடிக்கை, நடுராத்திரியை ஒட்டிக் கிளம்பினால் நியூயார்க்கில் இறங்கும்போது அங்கே மறுநாள் விடிகாலைதான் ஆகியிருக்கும். உபயம், நேர வித்தியாசம்.

எகானமி டிக்கெட்டில்தான் போக வேண்டும் என்பவர்கள், வழியில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டில் நின்று போகும் விமானத்தைப் பாருங்கள். காலை நீட்டி நடக்கவும் வாய்ப்புக் கிடைக்கும்!