எல்லை கடந்த ஆட்டம்

வென்றவர் அடுத்த களத்திற்குச் செல்வர். தோற்றவர் ஊர் திரும்புவர். போட்டிகளின் பொதுநெறி இது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மாநிலங்களுள் ஒன்றான மிசிசிப்பியில் இந்நெறி தலைகீழாக நின்றது. அங்கு ஒரு கல்லூரிக் கூடைப்பந்து அணி மூன்று முறை வென்றது. மூன்று முறையும் ஊரிலேயே தங்கியது. நான்காம் முறை வென்றபோது அது களத்திற்குச் சென்றது. ஆனால் ஒளிந்து செல்பவரைப் போலச் செல்ல நேர்ந்தது. 1962 டிசம்பரில் தொடங்கி 1963 மார்ச்சில் முடிந்த அந்த ஒரு பருவத்தின் கதை, விளையாட்டு வரலாற்றில் மட்டுமன்றி மனித உரிமை வரலாற்றிலும் இடம்பெற்றுள்ளது.

மூன்று முறை மறுப்பு

1891ஆம் ஆண்டு ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் உடற்கல்வி ஆசிரியர், குளிர்காலத்தில் கூரையின்கீழ் ஆடுவதற்கென்று கூடைப்பந்தைத் தோற்றுவித்தார். அவர் வகுத்த பதின்மூன்று விதிகளில் ஆடுபவரின் நிறத்தைப் பற்றிய விதி எதுவும் இல்லை. அவ்விதியைச் சமூகம் பின்னர் சேர்த்துக்கொண்டது.

அமெரிக்கக் கல்லூரிகளின் கூடைப்பந்துப் பருவம் குளிர்காலத்திற்கு உரியது. கல்லூரிகள் வட்டார வாரியாகக் கூட்டமைப்புகளாகப் பிரிந்து தம்முள் மோதும். அக்காலத்தில் முதலிடம் பெற்ற அணி மார்ச் மாதத்தில் தேசியப் போட்டிக்கு அழைக்கப்பட்டது. அங்கு ஒரு தோல்வியே பட்டக் கனவுக்கு முற்றுப்புள்ளி. ஆகவே, அவ்வழைப்பே ஒரு பருவம் முழுவதும் சிந்திய வியர்வைக்குக் கிடைக்கும் பரிசு.

ஸ்டார்க்வில் என்னும் சிற்றூரில் அமைந்த மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகம் தென்கிழக்குக் கூட்டமைப்பைச் சேர்ந்தது. பேப் மெக்கார்த்தி என்பவர் பயிற்றுநராக வந்தபின் அதன் அணி வலிமை பெற்றது. 1959ஆம் ஆண்டு இருபத்தைந்து ஆட்டங்களில் ஒன்றில் மட்டுமே தோற்றுக் கூட்டமைப்பின் முதலிடத்தை அடைந்தது. தேசியப் போட்டிக்கான அழைப்பு வந்தது. பல்கலைக்கழகம் அதனை மறுத்தது. 1961இலும் 1962இலும் அவ்வாறே நிகழ்ந்தது. ஆண்டுதோறும் அந்த அணிக்கு உரிய இடத்தில் கென்டக்கிப் பல்கலைக்கழக அணி சென்று ஆடியது.

மறுப்புக்குக் காரணம் ஒன்றே. தேசியப் போட்டியில் ஆடும் பிற அணிகளில் கருப்பின வீரர்கள் இருந்தனர்.

எழுதப்படாத சட்டம்

மிசிசிப்பியின் வெள்ளையர் கல்லூரி அணிகள் கருப்பினத்தவர் இடம்பெற்ற அணிகளோடு ஆடலாகாது என்று சட்டநூல் எதுவும் கூறவில்லை. ஆயினும் அந்நெறியை மீறும் கல்லூரிக்கு அரசின் நிதி நிறுத்தப்படும் என்ற மிரட்டல் இருந்தது. எழுதப்பட்ட சட்டத்தை நீதிமன்றத்தில் எதிர்த்து வழக்காடலாம். எழுதப்படாத சட்டத்தை எங்கே சென்று எதிர்ப்பது? அதன் வலிமையே அது எழுதப்படாமையில்தான் இருந்தது. 1956ஆம் ஆண்டு இந்தியானா மாநிலத்தில் நடைபெற்ற ஒரு போட்டியில் இதே அணி முதல் ஆட்டத்தில் வென்றது. எதிரணிகளில் கருப்பின வீரர்கள் இருந்ததால், இறுதி ஆட்டத்தை ஆடாமலேயே அழைத்து வரப்பட்டது.

பள்ளிகளில் இனவொதுக்கல் அரசியலமைப்புக்கு முரணானது என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்திருந்தது. எட்டாண்டுகள் கழிந்த பின்னரும் மிசிசிப்பி அதற்குச் செவிசாய்க்கவில்லை. 1962ஆம் ஆண்டு செப்டம்பரில் ஜேம்ஸ் மெரிடித் என்னும் கருப்பின மாணவர், அம்மாநிலத்தின் ஆக்ஸ்ஃபோர்டு நகரிலுள்ள மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் சேர முயன்றார். மாநில ஆளுநர் ராஸ் பார்னெட் தாமே முன்னின்று அவரைத் தடுத்தார். (அமெரிக்காவில் மாநில ஆளுநர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர்; நம் நாட்டு முதலமைச்சரைப் போன்று ஆட்சி நடத்துபவர்.) மூண்ட கலவரத்தில் இருவர் உயிரிழந்தனர். கூட்டரசின் படைகள் வந்த பிறகே மெரிடித் வகுப்பறைக்குள் நுழைய முடிந்தது.

அந்தக் கலவரத்தின் சூடு தணியாத குளிர்காலத்தில்தான் ஸ்டார்க்வில் அணியின் புதிய பருவம் தொடங்கியது. ஜோ டான் கோல்டு அணித்தலைவர். லீலண்ட் மிட்செல், ரெட் ஸ்ட்ரவுட் ஆகியோர் அவருக்குத் துணைநின்றனர். முந்தைய ஆண்டு வென்றும் போக முடியாமல் போன வலியை இவர்கள் அறிந்தவர்கள். 1963 மார்ச்சில் கூட்டமைப்புப் பட்டம் மீண்டும் அவர்கள் கைக்கு வந்தது. ஐந்தாண்டுகளில் நான்காம் பட்டம், நான்காம் அழைப்பு.

இம்முறை மாணவர்கள் வாளாவிருக்கவில்லை. அணியை அனுப்ப வேண்டும் என்ற குரல் வளாகத்தில் ஓங்கி ஒலித்தது. பல்கலைக்கழகத் தலைவர் டீன் கோல்வர்ட், தகுதியுடைய அதிகாரம் ஏதேனும் தடுத்தாலன்றி அணியை அனுப்புவதாக மார்ச் 2ஆம் நாள் அறிவித்தார். அவ்வறிவிப்பு இனச் சமத்துவத்தை முழங்கவில்லை. வீரர்கள் உழைத்துப் பெற்ற வாய்ப்பைப் பற்றியே பேசியது. வீரர்களும் சீர்திருத்தம் வேண்டிப் புறப்பட்டவர்கள் அல்லர். நாட்டின் தலைசிறந்த அணிகளோடு ஆடிப் பார்க்க விரும்பினர், அவ்வளவே. பிறரை வெளியே நிறுத்த எழுப்பிய சுவர், எழுப்பியவரின் மக்களையே உள்ளே அடைத்து வைத்திருந்தது என்பதை அவ்விளைஞர்கள் தம் பட்டறிவால் உணர்ந்திருந்தனர்.

ஆளுநர் பார்னெட் வெளிப்படையாகவே எதிர்த்தார். மாநில உயர்கல்வி வாரியம் மார்ச் 9ஆம் நாள் கூடி, எட்டுக்கு மூன்று என்ற வாக்குகளால் கோல்வர்டின் முடிவை ஏற்றது. தடை நீங்கியது என்று பலர் எண்ணினர்.

புறப்பாடு

மார்ச் 13ஆம் நாள், பில்லி மிட்ஸ் என்னும் மாநில மேலவை உறுப்பினரும் முன்னாள் உறுப்பினர் ஒருவரும் நீதிமன்றத்தை அணுகி, அணி மாநிலத்தைவிட்டு வெளியேறக் கூடாது என்று தடையாணை பெற்றனர். மிட்ஸ் அதே பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர் என்பது இவ்வரலாற்றின் முரண்.

தடையாணை பிறந்தால் மட்டும் போதாது. உரியவரின் கையில் அது சேர்ப்பிக்கப்பட வேண்டும். அந்த இடைவெளியே அணிக்கு வழியாயிற்று. ஆணையைப் பெற வேண்டியவர்கள் கைக்கு எட்டாத இடங்களுக்குச் சென்றுவிட முடிவு செய்தனர். கோல்வர்ட் அண்டை மாநிலமான அலபாமாவுக்குச் சென்றார். பயிற்றுநர் மெக்கார்த்தி இரவோடிரவாக டென்னசி மாநிலத்தின் மெம்பிஸ் நகருக்குக் காரில் சென்று, அங்கிருந்து விமானத்தில் நாஷ்வில் அடைந்தார்.

மார்ச் 14 காலையில் மாற்று வீரர்கள் முதலில் விமான நிலையத்திற்கு அனுப்பப்பட்டனர். ஆணையோடு காவலர் எவரேனும் காத்திருந்தால் அவர்கள் கண்ணில் இவர்கள் படட்டும் என்பது ஏற்பாடு. முதன்மை வீரர்கள் விடுதியில் காத்திருந்தனர். தடுக்க எவரும் இல்லை எனத் தெரிந்ததும் அவர்களும் விரைந்து வந்து விமானத்தில் ஏறினர். நாஷ்வில்லில் பயிற்றுநர் அவர்களோடு இணைந்தார். அன்றே மாநில உச்சநீதிமன்ற நீதிபதி ஒருவர் தடையாணையை நிறுத்தி வைத்தார். அதற்குள் அணி மாநில எல்லையைக் கடந்திருந்தது. ஒரு கூடைப்பந்து ஆட்டத்தை ஆடுவதற்கு இத்துணை ஏற்பாடுகள் தேவைப்பட்டன.

மிச்சிகன் மாநிலத்தின் கிழக்கு லான்சிங் நகரில் எதிரணி காத்திருந்தது. அது சிகாகோ நகரின் லயோலாப் பல்கலைக்கழக அணி. (சென்னை இலயோலாக் கல்லூரிக்கும் இதற்கும் பெயர் தந்தவர் இஞ்ஞாசியார் என்னும் ஒரே துறவி.) அதன் முதல் ஐவரில் நால்வர் கருப்பினத்தவர். கருப்பினத்தவரை அத்தனை பேராக ஒருசேரக் களத்தில் இறக்குவதில்லை என்ற மறைமுக வழக்கம் அக்காலத்தில் வடமாநிலப் பயிற்றுநர் பலரிடமும் இருந்தது. லயோலாவின் ஜார்ஜ் அயர்லாந்து அதனைப் பொருட்படுத்தவில்லை. அதன் விளைவைச் சுமந்தவர்கள் வீரர்களே. தெற்கே ஆடச் சென்ற இடங்களில் வசை கேட்டனர். மிசிசிப்பி ஆட்டத்திற்கு முன்னர், அணித்தலைவர் ஜெர்ரி ஹார்க்னஸின் விடுதி முகவரிக்கு இனவெறிக் குழுவினரின் மிரட்டல் கடிதங்கள் வந்தன.

ஆட்டம்

1963 மார்ச் 15. ஆட்டத் தொடக்கத்தில் அணித்தலைவர்கள் இருவரும் நடுவட்டத்திற்கு வந்தனர். கோல்டும் ஹார்க்னஸும் கைகுலுக்கினர். அரங்கெங்கும் ஒளிப்படக் கருவிகள் ஒருசேர மின்னின. இது வழக்கமான ஆட்டம் அன்று என்பதை அந்த ஒளியில்தான் தாம் உணர்ந்ததாக ஹார்க்னஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

இரண்டு அணிகளின் ஆட்டமுறையும் நேரெதிரானவை. லயோலா அவ்வாண்டு நாட்டிலேயே மிகுதியாகப் புள்ளி குவித்த அணி. பந்து கைக்கு வந்த நொடியே எதிர்க்கூடையை நோக்கிப் பாயும். முந்தைய சுற்றில் டென்னசி டெக் அணியை 111-42 என்ற கணக்கில் வீழ்த்தியிருந்தது. மிசிசிப்பி அணியோ பொறுமையே உருவானது. இத்தனை நொடிக்குள் பந்தை எறிந்தாக வேண்டும் என்ற விதி அன்று கல்லூரி ஆட்டத்தில் இல்லை. ஆகவே பந்தைக் கைமாற்றிக் கைமாற்றி, பிழையற்ற வாய்ப்பு வரும்வரை காத்திருக்க முடிந்தது.

அப்பொறுமை முதலில் பலன் தந்தது. மிசிசிப்பி 7-0 என முன்னணி பெற்றது. பிறகு லயோலா நிலைகொண்டு, இடைவேளைக்குள் முந்தியது. இரண்டாம் பாதியில் மிட்செல் ஐந்தாம் விதிமீறலால் வெளியேற நேர்ந்ததும் மிசிசிப்பியின் வலு குறைந்தது. இறுதிக் கணக்கு 61-51. வழக்கமாகத் தொண்ணூறு புள்ளிகளைத் தொடும் லயோலாவை அறுபத்தொன்றில் நிறுத்தியது மிசிசிப்பியின் தடுப்பாட்டத்திற்குச் சான்று. களத்தில் சண்டையோ வசையோ எழவில்லை. அஞ்சப்பட்ட எதுவும் நிகழவில்லை.

அடுத்த நாள் மூன்றாம் இடத்திற்கான ஆட்டத்தில் மிசிசிப்பி அணி பௌலிங் கிரீன் அணியை 65-60 எனத் தோற்கடித்தது; அவ்வணியின் புகழ்பெற்ற வீரர் நேட் தர்மண்டும் கருப்பினத்தவரே. ஊர் திரும்பிய வீரர்களைத் தண்டிக்க எவரும் வரவில்லை. வரவேற்கவே மக்கள் திரண்டிருந்தனர். லயோலா தொடர்ந்து வென்று, மார்ச் 23ஆம் நாள் இறுதி ஆட்டத்தில், அதற்கு முந்தைய ஈராண்டும் பட்டம் வென்றிருந்த சின்சினாட்டி அணியைக் கூடுதல் நேரத்தில் 60-58 என வீழ்த்தியது. பதினைந்து புள்ளிகள் பின்தங்கியிருந்த நிலையிலிருந்து அவ்வணி மீண்டது. முதல் ஐவரே இறுதிவரை ஆடினர். மாற்று வீரர் ஒருவரும் களம் இறங்கவில்லை.

இவ்வொரு மாலை மிசிசிப்பியை மாற்றிவிட்டது என்று கூறுதல் மிகையாகும். மூன்று மாதங்களுக்குள், அம்மாநிலத் தலைநகரான ஜாக்சனில், உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸ் தம் வீட்டு முற்றத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். எனினும், அணி ஒவ்வோராண்டும் மறுப்புக் கடிதம் எழுதும் வழக்கம் அத்துடன் முடிந்தது. 1965ஆம் ஆண்டு ரிச்சர்ட் ஹோம்ஸ், மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகத்தின் முதல் கருப்பின மாணவராகச் சேர்ந்தார். அங்கு படைகள் தேவைப்படவில்லை.

கோல்டும் ஹார்க்னஸும் பிற்காலத்தில் நண்பர்களாயினர். 2011இல் கோல்டு மறைந்தபோது ஹார்க்னஸ் இறுதிச் சடங்கிற்குச் சென்றார். பேழையின் அருகே ஓர் ஒளிப்படம் வைக்கப்பட்டிருந்தது. நடுவட்டத்தில் இரு இளைஞர்கள் கைகுலுக்கிக்கொண்டிருந்தனர்.