எலி பிடிக்கும் பெரோக்கும் தோட்டத்து மருந்தும்

செம்பனையில் ஏறி அடிமட்டையைப் பிடுங்கி எறிகிற குரங்கைக் கண்டதும் கை தானாகக் கல்லைத் தேடும். கெடா தோட்டங்களில் இந்தப் பெரோக் குரங்குக்குத் திருடன் என்றுதான் பெயர். பழம் தின்கிறது, உண்மைதான். ஆனால் மட்டையைப் பிடுங்குவது பழத்துக்காக மட்டும் அல்ல. பகலில் எலி படுத்திருப்பது அந்த இடுக்கில்தான். பெரோக்குக்கு அது தெரியும்.

இதைக் கணக்கெடுத்தது பக்கத்து மாநிலத்தில். பேராக்கின் செகாரி மெலிந்தாங் காட்டை ஒட்டிய செம்பனைத் தோட்டங்களில், பினாங்கிலுள்ள பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வாளர்கள் பெரோக் கூட்டங்களின் பின்னாலேயே நடந்து, கண்டதை 2019-ல் ‘கரண்ட் பயாலஜி’ இதழில் வெளியிட்டார்கள். ஒரு கூட்டம் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 எலிகளைத் தின்கிறது. எலியால் விளைச்சலில் சுமார் 10 விழுக்காடு போகிறது. பெரோக்கால் போவது ஒரு விழுக்காடுகூட இல்லை. இத்தனை காலமும் நாம் கல்லெறிந்து விரட்டியது கூலி கேட்காத வேலையாளை.

கூலிம், பாலிங், சீக் பக்கம் காட்டோரத் தோட்டங்களின் அமைப்பும் இதேதான்: ஒரு பக்கம் காடு, மறுபக்கம் வரிசை வரிசையாகச் செம்பனை, நடுவில் ஒரு மண்சாலை. பால்மரம் இருந்த காலத்தில் குரங்குக்கு அங்கே பெரிதாக வேலை இல்லை. செம்பனை வந்தது, எலி வந்தது, எலியைத் தேடிப் பெரோக் வந்தது.

சுங்கை பட்டாணி தாமான்களில் குப்பைத்தொட்டியைக் கவிழ்ப்பதும், லங்காவியில் சுற்றுப்பயணிகளின் பிளாஸ்டிக் பையைப் பறிப்பதும் இதன் உறவுக்காரனான கெரா. நீண்ட வால், துணிந்த மனசு. மெர்போக் அலையாத்திக் காட்டுப் பக்கம் போனால் நண்டுக்காகச் சேற்றில் இறங்குவதும் அதுவே. கெராவைப் பற்றிப் புகார்க் கடிதமே நிறைய வருகிறது. கூரை ஓட்டைப் பெயர்ப்பதையும் பிள்ளைகளை மிரட்டுவதையும் யாரும் ரசிக்கப்போவதில்லை. பட்டவர்களுக்குத்தான் அந்த எரிச்சல் தெரியும்.

பெரோக் கூட்டம் மந்திகளின் ராஜ்யம். பிறந்த கூட்டத்திலேயே தாயும் மகளும் பேத்தியும் சேர்ந்து வாழ்கிறார்கள். தாயின் அந்தஸ்து மகளுக்கு வருகிறது. பருவம் வந்த கடுவன்தான் ஊரைவிட்டுப் போக வேண்டும். நாம் மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிறோம், பெரோக் மகனை அனுப்பிவைக்கிறது. உண்ட நேரம் போக மீதியில் ஒரு பங்கு ஒன்றின் மயிரை ஒன்று கோதிவிடுவதில் கழியும். யார் யாருக்குக் கோதுகிறார் என்று பார்த்தாலே யார் பெரியவர் என்பது விளங்கிவிடும். கன்னப்பையில் பழத்தை அடைத்துக்கொண்டு காட்டோரத்துக்கு ஓடி, அங்கே உட்கார்ந்து மெல்லுவது அதன் இன்னொரு கெட்டிக்காரத்தனம்.

பெரோக்கும் கெராவும் சேர்ந்த பேரினத்தில் ஆசியாவுக்கு வெளியே வாழும் இனம் ஒன்றே ஒன்று: மொரோக்கோ, அல்ஜீரியா மலைகளில் வாழும் வாலில்லாத பார்பரி குரங்கு. அங்கே கடுவனும் குட்டியைத் தூக்கித் திரிகிறது. சண்டைக்கு நிற்கும் இன்னொரு கடுவனிடம் குட்டியை முன்னால் காட்டிச் சமாதானம் பேசுகிறது. பெரோக்கில் அந்தப் பழக்கம் இல்லை. கருப்பு மயிரோடு பிறக்கும் ஒற்றைக் குட்டி தாயின் வயிற்றைப் பற்றியபடியே வளர்கிறது. தாய் போகிற இடமெல்லாம் அதுவும் போகும். தாய் செம்பனைக்குப் போனால் அதுவும் செம்பனைக்கு.

குரங்கு என்றாலே அதனிடமிருந்து நமக்கு என்ன நோய் வரும் என்பதே பேச்சு. பேசவேண்டியதுதான். மனிதர்களுக்குள் பரவும் மலேரியா உள்நாட்டில் 2018 முதல் அற்றுப்போன பிறகும், கெராவிடமும் பெரோக்கிடமும் இருக்கும் நோல்ஸி மலேரியா கொசு வழியாக ஆளைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. கிருமி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகும். காய்ச்சலைத் தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து. குரங்கோ பெரும்பாலும் அதைச் சுமந்துகொண்டு சும்மா இருக்கிறது. 1930-களில் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் இந்தக் கிருமியைக் கண்டது சிங்கப்பூரிலிருந்து கப்பலேறிப் போன ஒரு கெராவின் இரத்தத்தில்.

நம்மிடமிருந்து குரங்குக்கு என்ன போகிறது என்பதை யாரும் கேட்பதில்லை.

செகாரியில் 2014 முதல் 2023 வரை இரண்டு பெரோக் கூட்டங்களில் பிறந்த குட்டிகளில் 57 விழுக்காடு ஒரு வயதைத் தாண்டவில்லை. செம்பனைக்குள் அதிகம் போய்வந்த குட்டிகளுக்குச் சாவு அபாயம் மூன்று மடங்கு. நாய்கள் கடித்திருக்கலாம், வளர்ப்பதற்காக யாரேனும் பிடித்துப் போயிருக்கலாம் என்பதும் ஒரு பக்கம். ஆய்வாளர்கள் சந்தேகப் பட்டியலில் வைத்திருக்கும் இன்னொன்று தோட்டத்து மருந்து. கருவிலேயோ தாய்ப்பாலிலோ அது குட்டிக்குப் போய்ச் சேரலாம். இன்னும் நிரூபணம் இல்லை. ஆனால் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எவருக்கும் இந்தச் சந்தேகம் புதிதாக இருக்காது.

முதுகில் பம்பைச் சுமந்து மருந்தடித்தவர்கள் பெரும்பாலும் நம் பெண்கள். தலையில் துண்டு, காலில் கிழிந்த பூட்ஸ், பம்பு கசிந்து நனைந்த முதுகு. நகம் கறுத்து விழுந்தது, மூக்கில் இரத்தம் வந்தது, கண் எரிந்தது. மருந்தடித்த சட்டையோடு வீட்டுக்கு வந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தவர்கள் எத்தனை பேர்? பாராகுவாட்டை மலேசியா தடை செய்தது 2020 ஜனவரி 1 முதல்தான். அதற்கு முன்பு ஒரு முறை தடை வந்து, 2006-ல் விலக்கப்பட்டது. பாராகுவாட் போனாலும் மற்ற களைக்கொல்லிகள் போகவில்லை.

எலிமருந்தின் கதையும் இப்படித்தான். எலியைக் கொல்லச் செம்பனைத் தோட்டங்களில் கூகைக்குக் கூண்டு கட்டி வைப்பார்கள். அதே தோட்டத்தில் எலிமருந்துக் கட்டியும் வைப்பார்கள். மருந்து தின்ற எலி உடனே சாகாது. தள்ளாடித் திரியும்போது கூகை பிடிக்கும், கூகையும் சாகும். தள்ளாடும் எலி பெரோக்குக்கும் சுலபமான இரைதானே?

தோட்டத்தில் செம்பனைக்கு ஆயுள் சுமார் 25 ஆண்டு. பால்மரத்தை வெட்டிவிட்டு நட்ட செம்பனைகள் கெடாவில் பல இடங்களில் மறுநடவுக்கு வந்துவிட்டன. எலி இளங்கன்றைக் குதறும், கட்டிகள் மறுபடியும் இறைபடும். காட்டோரத்துச் சில வரிசைகளை நடாமல் காடாகவே விட்டுவைக்க இதைவிட நல்ல சமயம் வராது. எந்த வரிசையில் என்ன மருந்து, என்றைக்கு அடித்தது என்று பாதையோரப் பலகையில் எழுதி வைப்பதற்கும் பெரிய செலவு இல்லை. இன்றைக்குப் பம்பைச் சுமப்பவர் பெரும்பாலும் இந்தோனேசியர், பங்களாதேஷி, நேப்பாளி என்பதால் அந்தப் பலகையை நான்கைந்து மொழிகளில் எழுதவேண்டியிருக்கும்.