டிக்கெட் போடும் முன் அப்பா நீச்சல் கற்கட்டும்

கலிபோர்னியாவில் ஐ.டி. வேலை பார்க்கும் நம்மவர் குடும்பங்களுக்கு ஹவாய் என்பது ஊட்டி, கொடைக்கானல் மாதிரி. ஐந்தரை மணி நேர விமானப் பயணம். இறங்கினால் தென்னை மரமும் கடலும். போன வருடம் எங்கள் முறை வந்தது. மகளுக்கு 7 வயது, மகனுக்கு 4. 'மீனைத் தண்ணிக்குள்ளயே பார்க்கணும்' என்று இருவருக்கும் ஒரே பிடிவாதம். நானும் எக்செல் ஷீட் போட்டு விமானம், ஹோட்டல், வாடகைக் கார், ஸ்நோர்கெல் செட் என்று எல்லாவற்றையும் டிக் அடித்தேன். ஒன்றை மட்டும் எழுதவில்லை. எனக்கு நீச்சல் தெரியாது.

அதன் அர்த்தம் எங்கள் அபார்ட்மென்ட் நீச்சல் குளத்தில்தான் புரிந்தது. படியில் நின்றிருந்த மகன் வழுக்கி உள்ளே போனான். ஒரு சத்தமும் இல்லை. நான் குதித்து அவனைப் பிடித்துவிட்டேன், ஆனால் பதற்றத்தில் கால் ஊன்றவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு அமெரிக்கப் பாட்டிதான் இருவரையும் இழுத்துக் கரை சேர்த்தார். பிறகு ஆழத்தைப் பார்த்தேன், நாலரை அடி. என் உயரம் ஐந்தடி எட்டு அங்குலம்.

அமெரிக்காவில் 1 முதல் 4 வயதுக் குழந்தைகளின் உயிரிழப்புக்கு முதல் காரணம் நீரில் மூழ்குவதுதான் என்கிறது சி.டி.சி. ஹவாயில் சுற்றுலாப் பயணிகள் கடலில் மூழ்கி இறப்பது அதிகமும் ஸ்நோர்கெலிங் செய்யும்போதுதான். அவர்களில் பெரும்பாலானோர் பெரியவர்கள்.

'கிணத்துப் பக்கம் போகாதே' என்ற அதட்டலோடு வளர்ந்த தலைமுறை நாம். பிள்ளைகளைப் பணம் கட்டி நீச்சல் வகுப்பில் சேர்த்துவிட்டு, நாம் பெஞ்சில் உட்கார்ந்து போனை நோண்டுகிறோம். நானும் அப்படித்தான். அன்று இரவே பயணத்தை ஏப்ரலில் இருந்து செப்டம்பருக்குத் தள்ளினேன். விமானக் கட்டணத்தில் கொஞ்சம் நஷ்டம்தான். 36 வயதில் மாநகராட்சிக் குளத்தில் பெரியவர்களுக்கான வகுப்பில் சேர்ந்தேன். முதல் நாள் போய்ப் பார்த்தால், பாதிப் பேர் நம்மூர்க்காரர்கள்! மனைவியும் அடுத்த பேட்ச்சில் சேர்ந்தாள்.

அந்த ஐந்து மாதத்தில் திட்டமும் மாறியது. மாஸ்க்கைக் கடைக்காரர் பேச்சை நம்பி வாங்காதீர்கள். வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை உள்ளிழுங்கள். விழாமல் ஒட்டிக்கொண்டால் அது சரியான அளவு. எங்கள் பிள்ளைகள் இரண்டு வாரம் குளியல் தொட்டியிலேயே மாஸ்க் போட்டுப் பழகினார்கள். மகனுக்கு ஸ்நோர்கெல் குழாயே வேண்டாம் என்று விட்டுவிட்டோம். கையில் மாட்டும் காற்றுப் பைகளையும் தூக்கிப் போட்டோம். அமெரிக்கக் கடலோரக் காவல்படை அங்கீகரித்த லைஃப் ஜாக்கெட்தான் நம்பிக்கையானது. சன்ஸ்கிரீனில் துத்தநாக ஆக்சைடு உள்ளதாகப் பார்த்து வாங்கினோம். பவளப் பாறைகளைக் கெடுக்கும் ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் கலந்தவற்றை விற்க ஹவாயில் 2021 முதல் தடை இருக்கிறது.

இடத் தேர்வு முக்கியம். முதல் இரண்டு நாள் ஓவாஹு தீவின் மேற்கே, கோ ஒலினாவில் இறங்கினோம். செயற்கையாக வெட்டிய நான்கு கடற்குளங்கள். பாறைச் சுவர் அலையைத் தடுத்துவிடும். அங்கே பழகிய பிறகுதான் ஹனவ்மா விரிகுடா. திங்கள், செவ்வாய் அங்கே விடுமுறை. முன்பதிவு இரண்டு நாள் முன்பு ஹவாய் நேரம் காலை 7 மணிக்குத் திறக்கும், சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். தட்கல் போட்டுப் பழகியவர்களுக்குச் சிரமம் இருக்காது.

இன்னொரு விஷயம், பௌர்ணமி கழிந்த 8 முதல் 10 நாட்களில் ஓவாஹுவின் தெற்குக் கரைகளில் பெட்டி ஜெல்லி மீன்கள் வரும். ஊரில் அம்மா பௌர்ணமி பார்ப்பது விரதத்துக்கு. நான் நாட்காட்டியைப் பார்த்தது ஜெல்லி மீனுக்கு!

தண்ணீரில் எங்கள் விதி ஒன்றுதான். ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர், எப்போதும் கை எட்டும் தூரத்தில். போன், கேமரா எல்லாம் கரையில். பவளத்தைத் தொடக்கூடாது, மிதிக்கக்கூடாது. அது கல் இல்லை, உயிர்.

மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு இருபது நிமிடம் மீன் பார்த்தாள். மகன் ஐந்தே நிமிடத்தில் 'குளிருதுப்பா' என்று கரையேறி மணலில் வீடு கட்டப் போய்விட்டான். இவ்வளவு செலவு செய்து வந்தோமே என்று அவனை மறுபடி இழுக்கவில்லை. வெதுவெதுப்பான கடலிலும் சின்ன உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும். அடுத்த வருடமும் கடல் அங்கேயேதான் இருக்கும்.

நீங்களும் டிக்கெட் போடும் முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: வீட்டில் எத்தனை பெரியவர்களுக்கு நீச்சல் தெரியும்? பதில் பூஜ்யம் என்றால், முதலில் பக்கத்துக் குளத்தில் பெரியவர்கள் வகுப்பு எப்போது என்று விசாரியுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. அங்கே நம்மூர்க்காரர் ஒருவராவது கண்டிப்பாக இருப்பார்.